பின்னால் ஸ்பிரிங் இல்லாத சைக்கிளைப் பற்றி உள்ளது உள்ளபடி

என் அக்காவின் ஒரே மகளும், வேலை நிமித்தம் கடல் தாண்டிப் போய் நாலு வருடமாக "இதோ வந்துடறேன் மாமா" என்று சொல்லிக்கொண்டிருப்பவளுமாகிய அருமை மருமகளுக்கு, இரண்டாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து உன் தாய்மாமன் சகல மரியாதைகளுடனும் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். உன் அத்தை நலம். உன் மின்சார மலைச் சைக்கிளும் நலம் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் நீ உண்மையை எழுதச் சொல்லியிருப்பதால் அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

போன வாரம் நீ போனில், "மாமா, சைக்கிளை வாங்க ஆள் கிடைச்சாச்சு. நாலு வருஷமா நீங்கதானே வச்சிருக்கீங்க, நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒரு கடுதாசியா எழுதிக் குடுங்க, அவங்ககிட்ட காட்டணும்" என்றாய். நானும் தாராளமாக எழுதுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு அரை மணி நேரம் அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று உன் அத்தை சொல்கிறாள். கால் மரத்துப்போயிருந்தது, வேறொன்றுமில்லை. உன் பொருள், நீ விற்கிறாய், எனக்கு இதில் எள்ளளவும் ஆட்சேபணை கிடையாது. நான் அதை ஓட்டுவதே கடமைக்காகத்தான் என்பது உலகறிந்த விஷயம். சும்மா போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று விமானம் ஏறும் முன் நீ சொன்ன ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, மழை வெயில் பாராமல் தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தையிடமும் நாலு வருடமாக இதையே சொல்லி வருகிறேன். இப்போது அவளிடம் போய் "அதை நாமே வாங்கிக்கலாமா" என்று கேட்டால் என் கடமை உணர்ச்சி என்ன கதிக்கு ஆளாகும்? ஆகவே கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. வாங்குகிறவர் சனிக்கிழமை வந்து தாராளமாக எடுத்துப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எங்கே போவேன் என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். வருவதற்கு முன் இந்தக் கடிதத்தை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிடச் சொல்.

முதலில் எடை. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருபத்திரண்டு கிலோ என்று போட்டிருக்கிறது. அது சமதளத்துக் கணக்கு. மேட்டில், பேட்டரி தீர்ந்த நிலையில், அதே வண்டி இருநூற்றிருபது கிலோ. நாற்பது வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து மனிதர்களையும் பீரோக்களையும் மேலே அனுப்பிய கை இது, எடை விஷயத்தில் என் வாக்கு தராசுக்கு மேல். இரண்டாவது மாதமே ஊருக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்து மலைக்கு அதை ஓட்டிப் போனேன். திரையில் மோட்டார் உதவி ஒன்றிலிருந்து ஐந்து வரை இருந்தது. ஐந்து இருக்கும்போது ஒன்றை வைப்பது வண்டியை அவமானப்படுத்துவது போல என்று எண்ணி, வீட்டு வாசலிலிருந்தே ஐந்தில் வைத்தேன். காற்று வழிவிட்டது, மரங்கள் ஒதுங்கி நின்றன, முக்கால் மலையில் பேட்டரி பிராணனை விட்டது. மீதிக் கால் மலையும் நான்தான் மோட்டார். மேலே இருந்த காவலாளி, நான் நாக்குத் தள்ளிக்கொண்டு வருவதைப் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, "ஏன் சார், மோட்டார் வச்ச சைக்கிள்னா அதுதானே உங்கள இழுத்துட்டு வரணும்?" என்று கேட்டான். இன்றைக்கு அதற்கு வார விடுமுறை என்று பதில் சொன்னேன்.

அடுத்தது பின்பக்கம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், கல்லில் ஏறினாலும் கைக்கு ஒன்றும் தெரியாது. பின் சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை. இந்த வகை வண்டியே அப்படித்தானாம், அதில்தான் பெருமையாம். ஆக, முன்னால் போவது மகாராஜா, பின்னால் உட்கார்ந்திருப்பது மூட்டை. முதல் வருடம் நம் வட்டாரத்தின் பூகோளம் முழுவதையும் உட்காரும் இடத்தின் வழியாகவே படித்துத் தேறினேன். ஒரு நாள் மலையிலிருந்து நேரே வங்கிக்குப் போய், உடம்பில் அதிர்வு அடங்கும் முன்பே கையெழுத்துப் போட்டேன், அங்கே இருந்த பெண் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறு யாரையாவது கூட்டி வரச் சொன்னாள். பிற்பாடுதான் தெரிந்தது, இறக்கத்தில் உட்காரவே கூடாது. எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். விட்டுப்பார், பின் சக்கரம் ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கேட்டுக்கொண்டு கீழே வரும், எந்த மண் ஈரம், எந்த மண் பொருக்கு என்று உள்ளங்காலுக்கே தெரியும், அறுபத்தைந்து வயசு என்பது வேறு யாருக்கோ ஆன வயசு மாதிரி இருக்கும். இந்தக் கடைசி வரி வாங்குகிறவருக்கு அவசியமில்லை, காட்டும்போது விரலால் மறைத்துக்கொள்.

செயின். நாலு வருடத்தில் மூன்று செயின் தின்றிருக்கிறது, ஒரு பல்சக்கரக் கூட்டமும் கூடவே போயிற்று. நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரனைத் தெரியுமில்லையா, எதையும் அவசரப்படாமல் செய்வதால் 'நிதானம்' என்று பெயர் வாங்கியவன், அவன் முதல் செயினைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடியும் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கியரையே மாத்துறதில்ல, சரியா?" என்றான். மோட்டார் இருக்கும்போது கியர் எதற்கு என்றேன். அதற்கும் ஒரு டீக்கான நேரம் எடுத்துக்கொண்டு, "லிஃப்ட்ல அம்பது பேர ஏத்திட்டு மோட்டார் இருக்கேன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டான். என் தொழிலை வைத்தே என்னை அடித்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். அன்றிலிருந்து கியர் மாற்றுகிறேன். மூன்றாவது செயின் இரண்டு வருடமாக ஓடுகிறது, ஆனாலும் மூன்று மூன்றுதான், எழுதிக்கொள்ளட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று, இந்த வண்டி குடியிருப்போர் ஒற்றுமைக்கு ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எந்த யந்திரத்தையும் நிறுத்தி, பிரித்து, பார்த்து, சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்பது என் தொழில் தர்மம். சைக்கிள் அப்போது கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கேயே முன் சக்கரத்தைக் கழற்றி வைத்து, சர்வீஸ் காலத்தில் என்னோடு சுற்றிய தகரப் பலகையை ஹேண்டில்பாரில் மாட்டினேன். "பரிசோதனை நடைபெறுகிறது. படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். பரிசோதனை என்றால் அந்தப் பலகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, நிதானத்திடம் சொன்னேன், அவன் வழக்கப்படி மூன்று நாள் எடுத்துக்கொண்டான். நாலாம் நாள் காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஐந்தாம் மாடிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சார், நீங்களே லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மூணு நாளா அந்த லிஃப்டுக்கு என்னதான் ஆச்சு?"

"லிஃப்டுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு. இப்பகூட அதுலதான் வந்தேன்."

"அதத்தான் நாங்களும் பாத்தோம். உள்ள போய் சோதனை பண்றீங்கன்னு நினைச்சோம்."

மூன்று நாள், ஆறு மாடி, ஐம்பத்திரண்டு பேர், ஒருவராவது அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லை. ஆறாம் மாடி வயலின் டீச்சரின் மாணவர்கள் மேலே வந்து சேர்ந்தபோது வில் பிடிக்கக் கையில் தெம்பில்லை, மூன்று நாளும் பாட்டு வகுப்பாகவே நடந்ததாம். நாலாம் மாடி பல் டாக்டர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது, வருடம் இரண்டு முறை இந்தப் பரிசோதனையைத் தவறாமல் நடத்துங்கள் என்றார். சங்கம் கூடி, சைக்கிளைக் கீழே வைக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து அது எங்கள் கூடத்தில், பாடப்புத்தகங்களுக்கு உன் அத்தை படம் வரைகிற மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாங்குகிறவர் தன் வீட்டில் ஒரு சோபாவைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பேட்டரி. குளிர் அதற்கு ஆகாது, அதனால் குளிர் மாதங்களில் அதைக் கழற்றி உன் அத்தையின் ஸ்வெட்டர் அலமாரியில் படுக்க வைக்கிறேன். ஒரு நாள் அவள் ஸ்வெட்டர் எடுக்கப் போனவள், கம்பளிக்குள் அது சுகமாகப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தலகாணி ஒண்ணுதான் பாக்கி" என்றாள், மறுநாள் பார்த்தால் அடியில் ஒரு பழைய தலையணை உறை மடித்துப் போட்டிருக்கிறது. இவ்வளவு சீராட்டியும், மோட்டார் உதவியை ஒன்றில் வைத்து முதல் வருடம் ஒரு சார்ஜில் நாலு தடவை மலை ஏறியது, இப்போது மூன்றரை தடவைதான். சாவியைத் திருப்பும்போது பேட்டரியை இடது பக்கமாக அமுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனதார வேண்டினால்தான் பூட்டு திறக்கும். அது எனக்கு மட்டும் பழகின பூட்டு. புதிதாக வருகிறவருக்கு ஒத்துழைக்கும் என்று என்னால் சான்றிதழ் தர முடியாது.

ஆக, எடையால் முதுகும், ஸ்பிரிங் இன்மையால் இடுப்பும், செயினால் பணப்பையும், பேட்டரியால் குடும்பமும் பாதிக்கப்படும் என்று அறிந்தே ஒருவர் இதை வாங்க விரும்பினால் நான் யார் குறுக்கே நிற்க? கண் எனக்குச் சரியில்லாததால் உன் அத்தை இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தத் தெரு உனக்கு இறக்கமாகவும், காற்று உன் முதுகுப் பக்கமாகவும் அமைய வேண்டுமென்று வாழ்த்தும்,

விற்பனையில் எவ்வித ஆட்சேபணையும் இல்லாத உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: மேலே உள்ள அத்தனையையும் தயவுசெய்து கிழித்துப் போடு. போட்டோ எடுக்கக் கொடுத்தேன், உன் அத்தை நின்றபடி ஒரு பக்கம் படித்து, உட்கார்ந்து மீதியைப் படித்து, நிஜமாகவே இவ்வளவு கோளாறா என்று கேட்டாள். இதற்குமேலும் உண்டு, இதைப் படித்துவிட்டு எவனாவது வாங்குவானா என்றேன். "வாங்கப் போறது நான்தான்" என்றாள். போன மாதமே உன்னிடம் விலையெல்லாம் பேசிவிட்டாளாம், கல்லுளிமங்கி, நீயும் மூச்சு விடவில்லை. எதற்கு என்று கேட்டேன். "ரிட்டயர் ஆன முதல் வருஷம் பூரா நீங்க என் முதுகுக்குப் பின்னால நின்னு, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்ல, யானைக்கு ஒரு கால் குட்டைன்னு சொல்லிட்டிருந்தீங்க. சைக்கிள் வந்த பிறகுதான் காலைல மூணு மணி நேரம் நிம்மதியா வரையறேன். அத விக்க விட்டா என் பொழப்பு என்ன ஆகறது?" என்றாள். அத்தோடு விட்டாளா? இந்தக் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி உன்னிடம் பாதி விலைக்குக் கேட்கப் போகிறாளாம். அம்மா, ஒரு பைசா குறைக்காதே. வண்டியில் ஒரு குறையும் கிடையாது. நாலு ஏற்றம் மூன்றரை ஆனதற்குக் காரணம் பேட்டரி இல்லை, என் தொடை. இதை நான் எழுதும்போதே அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, வரி கோணலாகப் போகிறது என்கிறாள்.