கப்பெல்லோ அண்ணை தொப்பி தூக்கிய விதம்

நான் ஒரு முழு விசரன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பலெர்மோ நகரில் என்னைத் தெரிந்த எல்லாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு மனுசனின் வேலையைப் பகிடிக்காகத் தொலைத்துவிட்டவனை வேறு எப்படிச் சொல்வது?

அந்த மனுசன் கப்பெல்லோ அண்ணை. அது பட்டப்பெயர்; கப்பெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் தொப்பி. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட தலைகளிலேயே தொப்பிக்கென்று பிறந்த ஒரே தலை அவருடையதுதான்.

பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையைக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. சுவர் நிறைய, சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் வீட்டுக்கார அம்மாவின் மூதாதையர் படங்கள். இருபது வருடம் தூசி தட்டியதில், வெள்ளைக்காரன் நானூறு வருடம் உடுத்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். நானும் அந்த ஊரில் ஜன்னல் துடைக்கிறவன் என்பதால் காலை ரயிலில் எனக்கு வகுப்பு நடக்கும்.

"முதலிலை இறகு வைச்ச தொப்பி. பிறகு மூண்டு மூலைத் தொப்பி, அதுக்குக் கீழை மாப் பூசின பொய்மயிர். குதி உயர்ந்த சப்பாத்தை முதலிலை போட்டதே ஆம்பிளையள்தான், தெரியுமோ?"

"அப்ப பொம்பிளையள், அண்ணை?"

"அவை இடுப்பை இறுக்கிக் கட்டிப்போட்டு மூச்செடுக்க வழியில்லாமல் நிண்டவை. அதைத்தான் வடிவு எண்டு படம் கீறினவங்கள்."

பிறகு புகைபோக்கி போல உயர்ந்த தொப்பி, பிறகு பதிந்த தொப்பி, பிறகு வெறுந்தலை. "இறகு போச்சு, பொய்மயிர் போச்சு, தொப்பியும் போச்சு. இனிக் கழட்ட மிச்சம் இருக்கிறது தலைதான், தம்பி."

அவர் மட்டும் கழற்றவில்லை. செத்துப்போன கணவரின் அகல விளிம்புக் கறுப்புத் தொப்பியைச் சிஞ்ஞோரா அவருக்குக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பலெர்மோவின் வியா மக்வேதா தெருவில் நடப்பார். பொலிஸ்காரன், ஐஸ்கிரீம் விற்பவன், அரைக்காற்சட்டைச் சுற்றுலாப் பயணி, எல்லாருக்கும் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வார். திரும்பத் தூக்க எவனிடமும் தொப்பி இல்லை. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரி அதற்குள் ஐம்பது சதம் போட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணை, இது நல்ல தொழிலாயிருக்கே!"

"அவளுக்குத் தொப்பியை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, பாவம்."

போன வசந்தத்தில் சிஞ்ஞோரா செத்துப்போனார். வீடு மகள் கைக்கு வந்தது. இவரை வைத்திருப்பதும் அனுப்புவதும் அவள் விருப்பம். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் சிக்கல்.

"தம்பி, செத்தவீட்டுக்கு இந்தத் தொப்பியோடை போகலாமோ? அது அந்தப் பிள்ளையின்ரை தேப்பன்ரை எல்லோ."

தொப்பியைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"வெறுந்தலையோடை போனால் கூட்டித் துடைக்கிறவன். தொப்பியோடை போனால் கனவான். போடுங்கோ!"

உண்மையில், எனக்கு வேடிக்கை பார்க்கத்தான் ஆசை.

பார்த்தேன். தேவாலய வாசலில் மகள் வந்தபோது, தொப்பியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சுவரை இறக்கி, தலை குனிந்தார். அந்தப் படங்களில் இருந்த எவனும் அவ்வளவு வடிவாகச் செய்திருக்க மாட்டான். அவள் தொப்பியின் உட்பக்கத்தைப் பார்த்தாள். தகப்பனின் பெயரெழுத்துகள்.

"இது அப்பாவுடையது."

"சிஞ்ஞோரா தந்தவ," என்றார் அண்ணை.

அவள் தொப்பியை வாங்கிக்கொண்டாள். கத்தவில்லை. "திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்" என்றாள். இருபது வருடத்தில் அவள் அவருடைய பெயரைக்கூடக் கேட்டதில்லை.

நான் மட்டும் என்ன? மன்னிப்புக் கேட்கப் போகிறவன், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று சந்தையில் ஒரு பனையோலைத் தொப்பி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, போர்கோ வெக்கியோ பகுதியில் அவருடைய கட்டட வாசலில் போய் நின்றேன். மணிப் பொத்தான்களில் ஐந்து தமிழ்ப் பெயர்கள். இதில் எது கப்பெல்லோ? ஐந்தையும் அமத்தினேன். நாலு பேர் ஏசினார்கள். ஐந்தாவது ஆள் மேலே வரச் சொன்னார்.

கதவைத் திறந்தவரின் தலையில் தொப்பியில்லை. தலைமயிர் இவ்வளவு நரைத்திருக்கிறதா என்று நினைத்தேன்.

"அண்ணை, எல்லாம் என்ரை விசர்த்தனத்தாலைதான். நான் போடச் சொல்லாட்டில்... அந்தப் பிள்ளையிட்டை நானே போய்க் கதைக்கிறன், அண்ணை."

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

"வீட்டுக்குள்ளை வரேக்கை தொப்பியைக் கழட்டு."