மூச்சை இழுத்துத் தள்ளுங்கள்

எதையும் முறைப்படிதான் செய்யவேண்டும் என்கிற முறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தண்டால் எடுத்தால் இடுப்பு தொய்கிறது என்பார். சோறு மென்றால் தாடை கோணுகிறது என்பார். "வாரேன்" என்று விடைபெற்றால், கையைப் பிடித்து நிறுத்தி, "வருகிறேன்" என்று சொல்லவைத்த பிறகுதான் போகவிடுவார். அவர் தண்டால் எடுப்பாரா? யார் பார்த்தது?

ஆரப்பாளையம் வெள்ளைத்துரை அந்த இனத்தின் திலகம். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஏறி, செக்கானூரணிக்குப் போன அப்படியொரு பஸ், நாகமலை தாண்டியதும் இருமி நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றான் டிரைவர் மொக்கையன்.

முதலில் குதித்தவள் சின்னத்தாய். மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து சொல்லி, அலறியடித்துக்கொண்டு கிளம்பியவள் அவள்.

"நில்லுங்கள்!" என்றார் வெள்ளைத்துரை. கூனிக்கொண்டு தள்ளினால் முதுகெலும்பு என்னாவது? பன்னிரண்டு பேரையும் உயரப்படி நிறுத்தி, குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை விரித்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்ல மறந்துபோனார்.

"அண்ணே, தள்ளுவமா?" என்றாள் சின்னத்தாய்.

"'தள்ளுவோமா' என்று திருத்தமாகக் கேளுங்கள், அம்மணி."

"எம் மக அங்க துடிக்கிறா, நீங்க இங்க பாடம் நடத்துறீக!"

சேலையை வரிந்து கட்டி, கோணல்மாணலாகத் தோள் கொடுத்தாள். மற்றவர்களும் பாய்ந்தார்கள். பஸ் உறுமிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே! ஓடுகிற வண்டியிலேயே எல்லோரும் தொற்றிக்கொண்டார்கள். வெள்ளைத்துரை மட்டும் முழங்காலை இடுப்பளவு தூக்கி, முழங்கையை மடக்கி, இலக்கண சுத்தமாக ஓடினார்.

"சாரதியே! வேகத்தைச் சற்றே தணிப்பாயாக!"

மொக்கையனுக்கு அது வாழ்த்து மாதிரி கேட்டது. கையை ஆட்டினான்.

அரை பர்லாங்கில் செருப்பு போயிற்று. முறையும் போயிற்று. வேட்டியை அள்ளிச் சுருட்டிக்கொண்டு, நாக்குத் தள்ள, "யேய், நிப்பாட்டுங்கப்பா! என்னைய விட்டுட்டுப் போறீகளே!" என்று அலறினார்.

சின்னத்தாய் எட்டி, சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். "இப்பப் பேசுனீகளே அண்ணே, அதுதான் எனக்கு வெளங்குச்சு."

அவருக்கோ மூச்சே தாறுமாறாக வந்துகொண்டிருந்தது.

செக்கானூரணியில், என்ன நினைத்தாரோ, அவளுடைய மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். வாசலில் நிற்கும்போது உள்ளே பேத்தி பிறந்து வீறிட்டாள்.

"அடிவயிற்றிலிருந்து அழுகிறது. சபாஷ்!" என்றார். அவரிடம் முதல் தடவையிலேயே தேறியது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

சிரித்தீர்களா? நல்லது. நடுவில் ஒருதரம், 'வெளங்குச்சு' வந்த இடத்தில், பென்சிலைத் தேடினீர்களே, அது எதற்கு?