மில்லுக்கு வாக்கப்பட்ட ஜீப்

ஜீப்பை விற்கப் போவதில்லை என்று மீட்டர் சார் முடிவெடுத்தபோது, அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். முக்கியமான முடிவுகளை அவர் அங்கேதான் எடுப்பது வழக்கம். அங்கே வந்து குனிந்து பார்க்க மனைவிக்கு இடுப்பு வளையாது என்ற தைரியம்.

மின்சார ஆபீஸில் மீட்டர் பிரிவில் வேலை பார்ப்பதால் அவர் மீட்டர் சார். தெருவில் கரண்ட் போனால், ஏதோ இவர்தான் அதைச் சுருட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி எல்லாரும் பார்ப்பார்கள். அதிலும் முதல் ஆளாகப் பார்ப்பது அவர் மனைவி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவள் மாவு மில் நடத்துகிறாள். கரண்ட் போனால் மில் நிற்கும். மில் நின்றால் அவள் வாய் ஓடும்.

அன்றைக்கும் கரண்ட் இல்லை.

"ஏங்க, இந்த ஜீப்பை வித்துடுங்க. அரைக்க வர்றவங்க நிக்க இடமில்ல."

"அது பாட்டுக்கு ஓரமா நிக்குது." வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நின்னா பரவாயில்லயே. ஒழுகிக்கிட்டுல்ல நிக்குது! நேத்து ஒரு அம்மா ஆயில்ல வழுக்கி, கோதுமை மூட்டை மேலயே உக்காந்துட்டாங்க."

"அடிபடலயே?"

"கோதுமைக்குத்தான். இதை வித்தா மில்லுக்கு ஒரு டீசல் என்ஜின் வாங்கலாம். கரண்ட்டை நம்பிக் கிடக்க வேணாம்."

"எத்தனை தடவைடி சொல்லுவே? அரைச்ச மாவையே அரைக்காதே!"

"அரைக்க முடியலன்னுதான் சொல்றேன். கரண்ட் இல்ல!"

செருப்புச் சத்தம் விலகிப் போனது. மீட்டர் சார் பெருமூச்சு விட்டபடி மேலே பார்த்தார். அவருக்கு உலகத்தில் சொந்தம் என்று இருப்பது இந்த ஜீப் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பக்கத்து வீட்டு லேத்துக்காரரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். மீன் கிடைக்காது. ஆனால் அங்கே யாரும் எதையும் விற்கச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கியர்பாக்ஸுக்குப் பின்னால், என்ஜினின் ஓட்டத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு பிரிக்கிற இன்னொரு பெட்டி. அதன் முதுகில் ஒரு வட்ட மூடி. இத்தனை வருஷமாகச் சும்மா கிடக்கிற மூடி. என்ஜின்தானே கேட்கிறாள்? இதோ நம் தலைக்கு மேலேயே ஒன்று இருக்கிறதே! சந்தோஷத்தில் எழுந்து உட்காரப் பார்த்தார். நெற்றி சைலன்சரில் இடித்தது.

நெற்றியில் கரியோடு அடுப்படிக்கு ஓடினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! ஜீப்புக்கு பி.டி.ஓ. மாட்டிடலாம்."

"பிடி... ஓவா? எதைப் பிடிச்சுக்கிட்டு எங்க ஓடப் போறீங்க?"

"டிராக்டருக்குப் பின்னால ஒரு தண்டு சுத்துமே, அதுல பம்ப்செட்டெல்லாம் ஓட்டுவாங்களே, அது. இந்த மாதிரி பழைய ஜீப்புக்கும் உண்டு. வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். என்ஜின் ஓட்டம் பின்னால ஒரு புல்லிக்கு வரும். அதுல பெல்ட்டைப் போட்டா உன் மில்லு ஓடும்."

"நிஜமா ஓடுமா?"

"பறக்கும்!"

"அப்ப விக்க வேணாம்" என்றாள் அவள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. மீட்டர் சார் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சீட்டியடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

லேத்துக்காரர் ஏரிக்கரைச் சிநேகிதத்துக்காக எதையும் செய்வார். பழைய இரும்புக் கடையில் அலசி, துருவேறிய ஒரு பி.டி.ஓ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மண்ணெண்ணெயில் கழுவினார்கள். கழுவக் கழுவ அது சின்னதாகிக்கொண்டே வந்தது. பாதிக்கு மேல் அழுக்குதான்.

அது உட்கார வேண்டிய இடத்தில் இருந்த அந்த வட்ட மூடியைக் கழற்றும் பொறுப்பை மீட்டர் சாரே எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கிற ஆயிலை முதலில் வடித்துவிட வேண்டும் என்பது ஞாபகம் வந்தபோது, கடைசி போல்ட் அவர் கையில் இருந்தது. ஆயில் அவர் சட்டைக்குள் இருந்தது.

"என்னங்க சத்தம்?" மில்லிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்லம்மா. ஆயில் மாத்தறோம்."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

அடுத்த சிக்கல் பல்லில் வந்தது. ஜீப்பின் தண்டில் இருந்த பல்லும், பெட்டிக்குள் இருந்த பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை.

"ஒத்துவரல சார்" என்றார் லேத்துக்காரர். "அது வேற வண்டிக்குப் பொறந்தது."

"தட்டிச் சேத்துடலாமா?"

"தட்டினா ரெண்டும் போயிடும். நடுவுல சமாதானம் பேச ஒரு ஆளு வேணும்."

அந்த ஆளை அவரே லேத்தில் கடைந்தார். ஒரு பக்கம் ஜீப்புக்கு ஏற்ற பல், மறுபக்கம் பெட்டிக்கு ஏற்ற பல். தள்ளியதும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. 'ரெண்டு பக்கமும் ஒத்துப்போற இப்படி ஒரு ஆள் நம்ம வீட்டிலயும் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்' என்று மீட்டர் சாருக்கு ஏக்கமாக இருந்தது. ஆயில் ஒழுகாமல் இருக்க அட்டையை வெட்டி நடுவில் வைத்து, பெட்டியை முடுக்கி, ஜீப்பின் தரையில் ஓட்டை போட்டு ஒரு லீவரையும் மேலே கொண்டுவந்தார்கள். ஜீப்பைப் பின்பக்கமாக மில்லுக்கு நேரே நிறுத்திப் பெல்ட் மாட்டியானது.

சோதனை ஓட்டத்துக்குத் தெருவே வந்துவிட்டது. மீட்டர் சார் டிரைவர் சீட்டில் ஏறி எல்லாருக்கும் கையாட்டினார். ஸ்டார்ட் செய்தார். கியரைப் போட்டார். புது லீவரைத் தள்ளினார். கிளட்சை விட்டார்.

சக்கரங்களுக்குப் போகும் ஓட்டத்தை நியூட்ரலில் வைத்து நிறுத்தினால்தான் ஜீப் நின்ற இடத்தில் நிற்கும். அதைச் செய்ய மறந்துவிட்டார். ஜீப் கிளம்பிவிட்டது. பெல்ட் விண்ணென்று இழுபட்டு, பட்டென்று கழன்று, பக்கத்தில் இருந்த மாவு டின்னை அறைந்தது. மாவு முழுவதும் லேத்துக்காரர் மேல். மீட்டர் சார் கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துணி அத்தனையையும் வாரி எடுத்துக்கொண்டு போய், கொடிக்கம்பத்தில் முட்டி நின்றார். முகத்தின் மேல் ஈரப் பாவாடை.

மனைவி வந்து அதை விலக்கினாள்.

"மில்லை ஓட்டச் சொன்னா, மில்லோட ஓடப் பாக்கறீங்களே!"

"சின்ன மறதி."

"நீங்க எறங்குங்க. எப்படின்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"இதெல்லாம் உனக்கு வராதும்மா."

லேத்துக்காரர் மாவைத் தட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பைப் பழைய இடத்துக்கே பின்னால் கொண்டுவந்தாள். பெல்ட் மாட்டச் சொன்னாள். சக்கரத்தை நியூட்ரலில் போட்டாள், கியரைப் போட்டாள், லீவரைத் தள்ளினாள், கிளட்சைப் பூப்போல விட்டாள். ஜீப் அசையவில்லை. மில் கடகடவென்று ஓடியது. தெரு கைதட்டியது. மீட்டர் சாரும் கைதட்டினார். வேறென்ன செய்வார்? ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஜீப் பிழைத்துவிட்டதே!

அந்த வாரம் ஆபீஸில் அவர் நடையே வேறு. கரண்ட் போனால் மற்றவர்கள் தலையைத் தொங்கப்போட, இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். வீட்டில் மனைவி மறுபடி ஒரு தடவைகூட ஜீப்பை விற்கச் சொல்லவில்லை. அதற்குத் தினமும் ஒரு துடைப்புகூடக் கிடைத்தது. அவருக்கே அப்படிக் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. மீட்டர் சார் ஜன்னலோரம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஏரிக்குப் போகிற மண்பாதை நாளைக்குச் சேறாகியிருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியை வாங்கி, நாலும் சேர்ந்து இழுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பத்துக்காகவே அவர் இத்தனை காலம் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலும் தொப்பியுமாக வெளியே வந்தார். வாசலில் லேத்துக்காரர் புழு டப்பாவோடு தயார். கொட்டகைப் பக்கம் கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் கட்டை. தண்டில் பெல்ட். மில்லில் கோதுமை. வாசல் தாண்டி வரிசை.

"என்னம்மா இது கட்டை?"

"வண்டி ஆடினா பெல்ட் நழுவுதுங்க. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதிச்சுட்டேன்."

"நாங்க ஏரிக்குப் போகணுமே!"

"பஸ் இருக்கே."

மீட்டர் சார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்திலும் ஒரு லைட் எரிந்தது. பிடித்துவிட்டார்! இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கரண்ட்தான் இருக்கே!" என்றார் வெற்றியோடு. "இன்னிக்குப் பூரா போகாது. ஆபீஸ்ல நானே கேட்டுட்டு வந்தேன்."

"தெரியுமே."

"தெரிஞ்சும் எதுக்கு ஜீப்பை ஓட்டறே? மோட்டாரைப் போட வேண்டியதுதானே?"

அவள் அடுத்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே சொன்னாள்:

"மோட்டாரைப் போட்டா கரண்ட் பில்லை நான்ல கட்டணும். ஜீப்புக்கு டீசல் நீங்கதானே போடறீங்க?"