கொச்சிரா வா இவியதான்

இராஜபாளையத்தில் ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் இன்னமும் இருக்கிறார்கள் என்றால், இவியதான் அந்தத் தெருப் பக்கம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

இவியதான் என்பது ஒரு மனிதரின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் பர்ச்சேஸ், நான் எக்ஸ்போர்ட். ஒரே அறை, எதிரெதிர் மேஜை. யாரைக் கண்டாலும் பக்கத்தில் நிற்பவரிடம் “இவியதான்...”, அதாவது ‘இவர்தான்’, என்று ஆரம்பித்து அறிமுகம் செய்துவைப்பார். அதுவே பேராகிவிட்டது.

அறிமுகம் செய்துவைக்க இரண்டு பேரையும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில், தோப்பு வேலித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த அண்ணன் தம்பியை, அண்ணன் தம்பி என்றே தெரியாமல் கைபிடித்து இழுத்துவந்து எதிரெதிரே நிறுத்தினார். “இவியதான் வத்திராயிருப்புல தென்னந்தோப்பு வச்சிருக்காவ. அவியளுக்கும் அங்கனதான் தோப்பாம். பேசிக்கிடுங்க” என்றார். தம்பிக்காரர் சிரித்துத் தொலைத்துவிட்டார். பிறகு இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ஊரே இவியதானைப் புகழ்ந்தது. அந்த அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க ஒரு வருஷமாக நாசூக்காக முயன்றுகொண்டிருந்தவள் நான். என் பெரியம்மா பிள்ளைகள் அவர்கள்.

இந்த நிலைமையில்தான் ஜப்பான்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள்.

காயத்துக்குக் கட்டும் எங்கள் காஸ் துணியை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒசாகாவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஆர்டர் கிடைத்தால் புது ஷெட் போடலாம். கிடைக்காவிட்டால் இருக்கிற ஷெட்டிலேயே ஒரு ஷிப்டைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கு நம் ஆட்களை அவர்கள் பாஷையிலேயே அறிமுகம் செய்துவைத்தால் மரியாதையாக இருக்குமே என்று அவருக்கு ஓர் ஆசை. அவர்களோடு மெயில் எழுதி மல்லுக்கட்டியவள் நான். அந்த வேலை எனக்குத்தான் என்று நினைத்து, பட்டுச்சேலைகூட எடுத்துவைத்துவிட்டேன். முதலாளியோ, “அறிமுகம்னா நம்ம இவியதான் இல்லாமலா? ரெண்டு பேருமே படிங்க” என்று சொல்லிவிட்டார்.

ஜப்பானில் நகோயாவில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய கிறிஸ்டினா என்ற பெண், ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டு மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்திவந்தாள். வேலை முடிந்ததும் நானும் அவரும் பஸ் பிடித்துப் போவோம். முதல் பாடமே அறிமுகம்தான். ‘கொச்சிரா வா’ என்றால் ‘இவிய’. பிறகு பெயர். பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு ‘சான்’. கடைசியில் நம் ‘தான்’ மாதிரி ஒரு ‘தெஸ்’. கேட்டதும் இவியதானுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காகவே ஒரு நாடு பாஷை செய்துவைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நான் ஒழுங்காகப் படித்தேன். கிறிஸ்டினாவின் குரலை போனில் பதிந்து, சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் கூடவே சொல்லிப் பார்த்தேன். என் உச்சரிப்பு சுத்தம் என்று அவளே சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். முதல் சந்திப்பில் சொல்லும் ‘ஹஜிமேமாஷ்தே’ என்ற வணக்கத்தை இவியதான் ‘அஜிமாமா வாஷ்டே’ என்று சொன்னபோதோ சிரித்துச் சிரித்து, வகுப்பையே பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு வீட்டுப்பாடம். “கொச்சிரா வா கண்டக்டர் சான் தெஸ்” என்று டிரைவருக்குக் கண்டக்டரையே அறிமுகம் செய்வார். சில வாரங்களில் அந்தக் கண்டக்டர் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தார். பூக்கூடைக்காரம்மா “கொச்சிரா வா மல்லி தெஸ்” என்று என்னிடமே நீட்டினாள். ‘மல்லிக்குச் சான் வேண்டாம், சரியாகச் சொன்னீர்கள்’ என்று நான் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போனால் என் கணவர், “இன்னிக்கு அவரு என்ன சொன்னாரு?” என்று கதவைத் திறக்கும்போதே கேட்பார். நான் என்ன படித்தேன் என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு விதியில்தான் நான் அவரை மடக்கினேன். வெளியாளிடம் நம் கம்பெனி ஆட்களை அறிமுகம் செய்யும்போது ‘சான்’ போடக்கூடாது. முதலாளியே ஆனாலும் வெறும் பெயர்தான். அதுதான் அவர்கள் பணிவு. இவியதான் அரண்டுபோனார். “மொதலாளிக்கு மரியாத போடாம எப்பிடித் தங்கச்சி? நம்மால ஆகாது” என்றார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. வந்தவர்கள், மொரிதா என்ற பெரியவரும் அவருடைய உதவியாளரான ஓர் இளம்பெண்ணும். பட்டுச்சேலையில் முன்னால் நின்று, பிசிறில்லாமல், “கொச்சிரா வா ஷச்சோ நோ ராமசாமி தெஸ்”, இவர் எங்கள் முதலாளி ராமசாமி, என்றேன். மொரிதா மெச்சும்படி தலையசைத்தார். ஆனால் ஷெட்டுக்குள் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். ரோல் சுற்றும் மாரியம்மா பக்கத்திலிருந்தவளிடம், “ஏட்டி, மேடம் மொதலாளியப் பேரு சொல்லிட்டாவ” என்றது எனக்கே கேட்டது. முதலாளியின் முகம் சுருங்கியது. விதியை அவருக்கு விளக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, இவியதான் புகுந்துவிட்டார்.

“கொச்சிரா வா மொதலாளி சான் தெஸ்” என்றார். முதலாளி மலர்ந்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மேனேஜர்கள் வரிசையைத் தாண்டி ஷெட்டுக்குள் நடந்தார். மாரியம்மா சான், வாட்ச்மேன் சான், டீ கொண்டுவரும் செல்வி சான். கைவசமிருந்த ஜப்பானியம் தீர்ந்ததும் தமிழிலேயே தொடர்ந்தார். “இவிய சுத்துன பேண்டேஜ்ல ஒரு சுருக்கம் பாத்துருவியளா? ஆனா வீட்டுக்காரருக்குக் காலு ஒடிஞ்சப்ப கட்டுப் போட இவியளுக்கு நேரமில்ல, நைட் ஷிப்டு” என்று மாரியம்மாவைப் பற்றிச் சொன்னார். மொரிதாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் குனிந்தார். அவர் குனிய இவர்கள் குனிய, மீட்டிங்குக்கு வைத்திருந்த நேரமெல்லாம் குனிந்தே தீர்ந்தது. கடைசியில் பெரியவரே தன் உதவியாளரை இழுத்து நிறுத்தி, மாரியம்மாவுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

எல்லாம் முடிந்தபின் மொரிதா இவியதானைக் கைகாட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் முழித்தோம். அந்த மனிதரை இதுவரை யாரும் யாருக்கும் அறிமுகம் செய்ததே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கிருந்த எரிச்சலில் சுருக்கமாக, இலக்கண சுத்தமாக, பர்ச்சேஸ், பெயர், தெஸ் என்று முடித்துக்கொண்டேன். இவியதான் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி கூசி நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

ஆர்டர் வந்தது. கூடவே, சரக்கு இறங்கும்போது உடனிருக்க ஓர் ஆளை ஒசாகாவுக்கு ஒரு மாதம் அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. யாரை வேண்டும் என்று மொரிதா எழுதியிருந்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த மெயிலைத் திறந்து படித்து, பதில் எழுதி, டிக்கெட் போட்டு, மதுரை ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பியவள் நான். என் வயிற்றில் எரிந்த தீக்கு அங்கே ஒரு பிளேனே கிளம்பியிருக்கும்.

இப்போது அவர் ஒசாகாவில் இருக்கிறார். எதிர் மேஜை காலி. தினமும் வீடியோ கால் வருகிறது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சி, நூடுல்ஸ் கடைக்காரர் என்று யாரையாவது காட்டி, “இவிய எங்க எக்ஸ்போர்ட் மேடம். இவிய சொன்னாத்தான் கப்பலே கெளம்பும்” என்று தமிழில் என்னை அறிமுகம் செய்கிறார். அவர்கள் குனிகிறார்கள். எடுக்கக்கூடாது என்று தினமும்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த நேரம் நெருங்கினால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.