ஊசியக்கா வாங்கிய கேரவன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று வைத்த குழம்பு இன்று நினைவில்லை. ஆனால் ஊசியக்காவை மறக்க வேண்டுமென்றால் எனக்கு வேறு தலைதான் வைக்க வேண்டும்.

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் யாருக்குமே மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்ததில்லை. அதற்குக் காரணம் மருந்து இல்லை. மூன்றாம் நாள் ஊசியக்கா வந்து கதவைத் தட்டுவாள் என்ற பயம்தான். காய்ச்சலே அவள் வரும் நேரம் பார்த்து இறங்கிவிடும்.

அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எங்களைப் போலவே தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. எதிர் ஃபிளாட்டில் இருந்தாள். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மேல்மாடி எகிப்துக்காரர்கூட லிஃப்டில் ‘ஊசியக்கா’ என்றுதான் வணக்கம் சொல்வார். என்னைவிட இளையவள்தான். ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். “மரியாத குறைஞ்சா ஊசி கோணலா ஏறும்,” என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

அவள் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். ஒரு ஞானஸ்நான விருந்தில் புதுமாப்பிள்ளை ஒருவனிடம், “நல்ல நரம்பு. தேடவே வேண்டாம்,” என்று மனதாரப் பாராட்டினாள். அவன் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “ஊசிக்குக் கண்ண மூடாத ஆம்பளைய இன்னும் பாக்கல,” என்பாள்.

டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய கதை இன்னும் பெரிது. பல தடவை ஃபெயில். கடைசித் தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் இருமினார். ஊசியக்கா சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, “வாயைத் திற,” என்று அரபியில் சொன்னாள். அவர் திறந்தார். தொண்டையைப் பார்த்து, என்ன மாத்திரை என்றும் சொல்லிவிட்டாள். பாஸ். ஓரங்கட்டிய அழகுக்குத்தான் பாஸ் என்பது அவள் கட்சி. இறங்கி ஓடுவதற்காகத்தான் பாஸ் போட்டார் என்பது எங்கள் வீட்டுக்காரர் கட்சி.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்மேன் வேலை. அந்த வருடம் ஆகஸ்டு முடிந்ததும் கணக்கு முடித்து ஊருக்கே திரும்பிவிடுவது என்று ஆகிவிட்டது. அத்தனை வருடத்தில் நான் பார்த்த கல்ஃப் என்பது ஃபிளாட், மாதா கோயில், மீன் மார்க்கெட். எங்கே கூப்பிட்டாலும் காரில் போனால் தலைசுற்றும் என்று சொல்லிவிடுவேன். அது பொய். வயதாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் என்ன? வெளியே போனால் கக்கூசுக்கு எங்கே போவது என்பதுதான் என் பயம். பெட்ரோல் பம்பில் இறங்கி, ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில், சாவி கொடுங்கள் என்று கேட்க என் வாய் வராது. அங்கே வெள்ளிதான் விடுமுறை; கோயிலுக்குப் போகும் அந்த வெள்ளிக்கிழமைகூட விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன்.

அந்தக் கோடையில் எனக்கு மறுபடியும் மறுபடியும் நீர்க்கடுப்பு வந்தது. ஊசியக்கா ஊசியோடு வந்தாள். ஆனால் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தாள்.

“மைனி, கோயிலுக்குப் போவுத அன்னைக்கு எப்பத் தண்ணி குடிப்பிய?”

“வந்து குடிப்பேன்.”

“போவுததுக்கு முந்தி?”

நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன்.

“அப்ப தலசுத்துன்னு சொன்னதெல்லாம் சும்மா. இதாம்லா சங்கதி. இதுக்கு ஊசி கெடயாது மைனி. சரி, வெக்கத்த ஒரு ஓரமா வச்சிட்டுச் சொல்லுங்க. ஊருக்குப் போறதுக்குள்ள எங்க போவணும்னு ஆச?”

“சலாலா,” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

சலாலா ஓமன் நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கிறது. கல்ஃப் முழுக்க வெயிலில் வேகும்போது அங்கே மட்டும் சாரல் அடிக்கும். கோயிலுக்கு வரும் பெண்கள் போய்வந்து, குடையோடு எடுத்த படங்களைக் காட்டுவார்கள். நான் இன்னொரு தடவை காட்டச் சொல்லி வாங்கிப் பார்ப்பேன். ஆனால் காரில் இரண்டு பகல் போக வேண்டிய தூரம். என்னைப் போன்றவளுக்கு அது நிலாவுக்குப் போவது மாதிரி.

“கக்கூசு உங்ககூடவே வந்தா?” என்றாள் ஊசியக்கா.

இப்படித்தான் கேரவன் பேச்சு வந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதன் ஏழைத் தம்பி. இதற்கு இன்ஜின் கிடையாது. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போக வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, மூலையில் ஒரு கக்கூஸ்.

எங்கள் வீட்டுக்காரர் வாடகைக்கு எடுக்கலாம் என்றார். “ஒரு வாரத்துச் சோலிக்கு யாராவது வெல குடுத்து வாங்குவாவளா? கல்ஃப்ல நமக்கு எதுதான் சொந்தம்? வீடு வாடக, கட்டில் வாடக. இதையும் எடுப்போம், குடுப்போம். கலாஸ், முடிஞ்சி போச்சி.”

“அதனாலதான் சொல்லுதேன் அண்ணாச்சி. போறப்பவாவது ஒண்ணு சொந்தமா இருக்கட்டும்.”

“கூறு இருக்கவன் வாங்க மாட்டான்.”

“எனக்குக் கூறு கெடயாதுன்னு கிளினிக்குக்கே தெரியும். சரி, உங்க வாடகையையும் பாத்துருவோம்.”

நகரத்துக்கு வெளியே ஒரு யார்டில் கேரவன் வாடகைக்கு விட்டார்கள். மேனேஜர் நம்ம ஊர்ப் பையன், டை கட்டியிருந்தான். வண்டி பளபளவென்று இருந்தது. எனக்கு ஆசையாகிவிட்டது. அவன் விதிகளைச் சொன்னான். உள்ளே செருப்பு போடக் கூடாது. மீன் சமைக்கக் கூடாது. எல்லை தாண்டி ஓமன் போகக் கூடாது.

“பெறவு எங்கதான் போவலாம்?” என்றாள் ஊசியக்கா.

“பீச்சுக்குப் போகலாம் மேடம். அப்புறம், டாய்லெட் இருக்கு. ஆனா யூஸ் பண்ணக் கூடாது.”

“பெறவு எதுக்கு வச்சிருக்கிய?”

“டிசைன்ல இருக்கு மேடம்.”

“பாத்துக்கிட்டே இருந்தா போயிருமோ?”

மேனேஜர் டையைத் தளர்த்தினான். எங்கள் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். வாடகைக் கட்சி அத்தோடு தோற்றது.

சூப்பர் மார்க்கெட் பலகையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீட்டுக்குப் போனோம். அவர்களும் கல்ஃபை விட்டுக் கிளம்புகிறவர்கள்தான். கேரவன் தோட்டத்தில் வெயிலில் வெளுத்துப்போய், காற்றில்லாத டயரோடு நின்றது.

ஊசியக்கா கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். கேலிக்கு இல்லை, நிஜமாகவே காதில் மாட்டினாள். சுவரில் வைத்துக் கேட்டாள். நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல விரலால் கூரைவரை தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்று தலையை ஆட்டினாள். “நீர் கோத்திருக்கு,” என்றாள் தமிழில்.

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நர்ஸ் தலையை ஆட்டினால் அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். கூரை ஒருமுறை ஒழுகியது என்று தானாகவே ஒத்துக்கொண்டாள். ஊசியக்கா அடுத்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஏசி ஓடாது என்றாள் அந்த அம்மா. இன்னொரு இடம். தண்ணீர்ப் பம்பும் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கியது. கடைசியில் ஊசியக்கா கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே நாங்கள் எல்லோரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது போல நின்றோம்.

வெளியே வந்து, “வாங்குதோம்,” என்றாள்.

“கூர ஒழுவுது, ஏசி ஓடல, பம்பு ஓடல. எதப் பாத்து வாங்குத?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“உள்தாப்பா நல்லா விழுது அண்ணாச்சி.”

வண்டியை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மணல் பொட்டலில் நிறுத்தினோம். பார்த்துக்கொள்ளும்படி நாத்தூரிடம் சொன்னோம். கட்டடக் காவலாளியை அங்கே நாத்தூர் என்பார்கள். மறு வாரம் பழுது பார்க்க ஆள் கூட்டிவரலாமா என்று யோசித்துக்கொண்டே போனால், கேரவனிலிருந்து பக்கத்து வேலிக்குக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றில் கைலி காய்கிறது. சாம்பார் மணக்கிறது.

உள்ளே மூன்று பையன்கள், தட்டில் சோற்றோடு. அரியலூர்ப் பக்கம். கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. நாத்தூர் அவர்களுக்கு எங்கள் கேரவனை பெட் ஸ்பேஸாக, அதாவது ஆளுக்கொரு படுக்கையாக, வாடகைக்கு விட்டுவிட்டான். கேட்டதற்கு, சும்மாதானே கிடந்தது என்றான் இந்தியில்.

“எறங்குங்கல எல்லாரும்,” என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தினார்.

ஊசியக்கா கையை நீட்டி அவரை நிறுத்தினாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. “ஏல, ஏசி எப்படி ஓடுது?”

“நாந்தான் சரி பண்ணேன்க்கா. ஏசி மெக்கானிக்கு. இல்லன்னா வெந்துடுவோமே.”

“கூர?”

“அத இவன் அடைச்சிட்டான்க்கா. சைட்ல அதான் இவனுக்கு வேல.”

“தண்ணி?”

மூன்றாமவன் குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

ஊசியக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். “வாடகைக்கு எடுக்க மாட்டேன்னு வீம்பா வாங்குனேன். எனக்கே தெரியாம வாடகைக்கு விட்டிருக்கேன் பாத்தியளா? சரி, கக்கூச என்னல பண்ணுனிய?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அத நாங்க தொடவே இல்லக்கா. பழைய லேபர் கேம்ப்புக்கே போயிட்டு வந்துடுறோம். அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. மனசு வரல.”

நாங்கள் கிளம்பும்வரை அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் செய்த வேலைதான் வாடகை. ஆனால் துருப்பிடித்த வண்டியில் வேலை பார்த்தவர்கள் என்று சொல்லி மூவருக்கும் டெட்டனஸ் ஊசி போட்டாள். நாத்தூருக்கும் சேர்த்து. நாத்தூருக்குப் போட்ட ஊசி மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

ஆகஸ்டில் ஊசியக்காவின் காருக்குப் பின்னால் கேரவனைக் கொக்கி போட்டுப் புறப்பட்டோம். சாமான் கட்டும் பொறுப்பை எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கல்ஃப்காரர் ஊருக்குப் பெட்டி கட்டுவது தெரியுமல்லவா? அதே கட்டுத்தான். அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், வெங்காயம், எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு வரிந்து, நாலு பக்கமும் மார்க்கரில் தன் பெயரும் ஊரும் எழுதினார். பாலைவனத்தில் யார் மாற்றி எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டதற்கு இன்னொரு முடிச்சு போட்டார். கக்கூசுக்குப் போகும் வழியில் என் காலில் எதுவும் தட்டக் கூடாது என்று அத்தனையையும் கடைசிப் பின்மூலையில் அடுக்கினார்.

எல்லைக்குப் பக்கத்து ஊரான அல் அய்னைத் தாண்டியதும் கேரவன் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. காரையே பிடித்து உலுக்கியது. நான் ஜெபமாலையை எடுத்தேன். ஊசியக்கா மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினாள். இறங்கிப்போய்க் கேரவன் கதவைத் திறந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, நீங்க கடல்ல வள்ளம் ஓட்டுன வீட்டுப் பிள்ளதான? பின்பக்கம் பூரா பாரம் ஏத்துன வள்ளம் எங்கயாவது நேராப் போயிருக்கா?”

எங்கள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு வண்டி கோடு போட்டது போலப் போனது. எல்லையையும் தாண்டினோம். நான் அன்று காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். வேண்டும்போது “அக்கா” என்பேன். அவள் நிறுத்துவாள். தாழ்ப்பாள் விழும். நான் ராணி மாதிரி இறங்கி வருவேன்.

மறுநாள் ஓமன் பாலைவனத்தின் நடுவில் ஒரு பெட்ரோல் பம்பு. சலாலாவுக்குப் போகும் பஸ் ஒன்றும், சில கார்களும் நின்றன. பெண்கள் பக்கத்துக் கக்கூஸ் பூட்டிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் இல்லையாம். சுவரோரமாகச் சில பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தியின் கையில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். அந்த முகம் எனக்குத் தெரியும். அது என் முகம்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. யாரிடமும் கேட்காமல் நேராக அவளிடம் போனேன். “வாங்கம்மா. எங்க வண்டில இருக்கு. உள்தாப்பா நல்லா விழும்,” என்றேன்.

முதலில் அவள் வந்தாள். பிறகு அவள் மாமியார். பிறகு பஸ்ஸிலிருந்த மலையாளப் பெண்கள், ஒரு பாகிஸ்தானி அம்மா, அவளுடைய பெண்கள். வரிசை பம்பு வரைக்கும் நீண்டது. நான் படியில் நின்று ஒவ்வொருத்தியையும் கைப்பிடித்து ஏற்றிவிட்டேன். “அவசரமில்ல, மெதுவாப் போங்க,” என்று உரக்கச் சொன்னேன். அவ்வளவு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் உரக்கப் பேசியது நானா என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு கேன் கேனாகத் தண்ணீர் சுமந்தார். ஊசியக்கா பெட்ரோல் பம்புக்காரரைக் கூப்பிட்டு, பூட்டிய கக்கூசைக் காட்டி, தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் வைத்தியம் பார்த்தாள். நாங்கள் கிளம்புவதற்குள் அங்கே தண்ணீர் லாரி வந்துவிட்டது.

பேரீச்சம்பழம், நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு என்று எங்கள் கார் நிறைந்துவிட்டது. ரொம்ப தூரம் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “வாங்குனது நல்லதுதான்,” என்றார். ஊசியக்கா கேட்காதது போல ஓட்டினாள். ஆனால் ஹாரனை இரண்டு தடவை அடித்தாள். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியும் இல்லை.

தும்ரைத் என்ற ஊரைத் தாண்டி மலை ஆரம்பிக்கும் வரைக்கும் வெயில்தான். ஒரு வளைவு திரும்பினோம். கண்ணாடியில் புகை மாதிரி படிந்தது. வைப்பர் போட்டாள். மலை முழுக்கப் பச்சை. மூடுபனிக்குள் ஒட்டகங்கள் நனைந்துகொண்டு நின்றன. நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். குடையை யாரோ நீட்டினார்கள், வாங்கவில்லை. முகத்தில் சாரல் விழுந்தது.

ஊசியக்கா பக்கத்தில் வந்து நின்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிறாள் என்று நினைத்துக் கையைத் தளர்த்திக் கொடுத்தேன். வெகுநேரம் பிடித்திருந்தாள். வாட்ச்சைப் பார்க்கவே இல்லை.

இது 2005ஆ 2006ஆ என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வழியில் வந்த ஊர்களின் வரிசையும் மாறியிருக்கலாம். அந்தச் சாலையில் போனவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். அவள் வாட்ச்சைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.