கழுத்தை முன்னால் திறப்பதா, பின்னால் திறப்பதா?

திண்டிவனத்திலிருந்து அமெரிக்காவுக்கு அதிகக் கடிதம் போட்டவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டுக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடைக்காது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரிசர்ச்சு’.

ஐம்பதுகளின் கடைசி அது. விழுப்புரத்திலிருந்து நானும் அவரும் தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போவோம். அவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கை மரத்துப் போகும். சென்னையில் ஓர் இளம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ஆப்பரேஷன் செய்து அந்த எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்துவிடலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் பயந்து ஓடி வந்திருப்பார்கள். இவரோ, “இதுல லேட்டஸ்ட் ஆராய்ச்சி இன்னா சொல்லுதுன்னு பாத்துட்டு வர்றேன்” என்று எழுந்து வந்துவிட்டார்.

ஆபீஸ் மிஷினிலேயே வெளிநாட்டு சர்ஜன்களுக்குக் கடிதம் தட்டினார். அவர்களும் பாவம், திண்டிவனம் என்பது ஏதோ ஆராய்ச்சிக் கழகம் என்று நினைத்து, ‘டாக்டர்’ என்று விலாசமிட்டுக் கட்டுரைகளைக் கப்பல் தபாலில் அனுப்பினார்கள். தபால்காரர் வயிற்றுவலிக்கு இவரிடம் மருந்து கேட்க ஆரம்பித்தார்.

ரயிலில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடக்கும்.

“ஆப்பரேஷன் எப்போ சார்?” என்பேன்.

“அவசரப்படாத. இதுவரைக்கும் பின்பக்கமாத் தொறந்து கம்பி கட்டிக்கினு இருந்தாங்க. இப்போ ஒரு கோஷ்டி முன்பக்கமாத் தொறக்கறாங்க. இடுப்பெலும்புல ஒரு துண்டு வெட்டியாந்து கழுத்துல சொருவறாங்க.”

“கழுத்து வலிக்குதுன்னா இடுப்புல எதுக்கு சார் கை வைக்கணும்?”

“அதாம்பா ரிசர்ச்சு!”

முன்பக்கம்தான் என்று அவர் முடிவெடுத்த மாதமே, அந்தத் துண்டு சதுரமா, உருண்டையா என்று இன்னொரு சண்டை கப்பலில் வந்து இறங்கியது. “அவங்க ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறமா நான் டேபிள்ல படுத்துக்கறேன்” என்றார். இப்படியே இரண்டு வருஷம்.

கை அதுவரை காத்திருக்கவில்லை. மேலிடத்துக்குப் போகும் கடிதங்களில் பாதி எழுத்துகள் காணாமல் போயின. ஒருநாள், “இப்பல்லாம் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடறதே வீட்டுலதாம்பா” என்று சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு போட்டு, அதே சென்னை டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ரிசர்ச்சு கட்டுரை மூட்டையை மேஜைமேல் அவிழ்த்தார். டாக்டருக்கு ஏக சந்தோஷம். “இதெல்லாம் நானும் படிச்சிருக்கேன். முன்பக்கமாவே செஞ்சிடலாம்.”

“நீங்க இதுவரைக்கும் எத்தினி பேருக்குச் செஞ்சிருக்கீங்க?”

“உங்களோட சேர்த்து ஒண்ணு.”

“பாத்ரூம் போய்ட்டு வர்றேங்க” என்று எழுந்த ரிசர்ச்சை, நான் எழும்பூர் ஸ்டேஷனில்தான் பிடித்தேன்.

“படிக்கறது வேற, படுக்கறது வேறப்பா! என் கழுத்துலயே ரிசர்ச்சு பண்ணப் பாக்கறாரு அந்த டாக்டரு. பேஜாரு புடிச்ச வேல. ஜல்தி ஏறு!”

ஆனால் அவரால் ஏற முடியவில்லை. வாசல் கம்பியைப் பிடித்த கை நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. பின்னால் நின்ற நான்தான் தாங்கிக்கொண்டேன். ரயில் போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையை விரித்து மூடிப் பார்த்தார். பிறகு, “அந்தாளு நெசத்தைச் சொன்னாரு இல்ல? நூறு பேருக்குச் செஞ்சேன்னு அளந்திருந்தா எனக்கு இன்னா தெரியும்? வா, திரும்பிப் போவலாம்” என்றார்.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்கள். கழுத்துப்பட்டையோடு விட்டத்தைப் பார்த்தபடி ரிசர்ச்சு பேசிக்கொண்டிருந்தார்: “என் அனுபவத்துல சொல்றேன், சதுரத் துண்டுதான் நல்லது.” அனுபவம் மூன்று நாள்.

சில மாதங்களில் கை திரும்பக் கிடைத்தது, டைப்பும் திருந்தியது. கழுத்து மட்டும் திரும்புவதை நிறுத்திக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். ஆபீஸில் அதைத் திமிர் என்றார்கள். ரயிலில் நான் எந்த அற்ப விஷயத்தைத் தொடங்கினாலும், ஜன்னலை விட்டுவிட்டு முழங்கால் வரை என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்பார். அவருக்குப் பிறகு, என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை.