கில்வாராக் கோட்டையில் ரோஜாக் குச்சி திருடிய விவரம்

மதிப்பிற்குரிய டிம்ப்னா அத்தைக்கு,

கால்வேயிலிருந்து லோர்கன் எழுதுகிறேன். நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் முழங்கால் வலியும், புதிய பாதிரியார் மேல் உங்களுக்கிருக்கும் மனத்தாங்கலும் இதற்குள் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். நான் பதில் சொல்வேன். பிறகு நடந்தது எது, நான் சொன்னது எது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

இதனுடன் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே ஒரு குச்சி. அதைப் பற்றித்தான் கடிதம்.

போன பனியில் உங்கள் வாசல் ரோஜா கருகிப்போனது. அதே வெள்ளை ரோஜா கில்வாராக் கோட்டைத் தோட்டத்துச் சுவரில்தான் இன்னும் மிச்சமிருக்கிறது. கோட்டையை ஓட்டல்காரர்களுக்கு விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் அந்தச் சுவரை இடிக்கப்போகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு நீங்கள் போனில் போட்ட உத்தரவு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "கேட்டு வாங்கின குச்சி துளிர்க்காதுடா. திருடினதுதான் வேர் பிடிக்கும். என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது, நீ போய்த் திருடிட்டு வா." தோட்டக்காரரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். எப்போதும் ஏழெட்டு முறை "பை, பை" சொல்லிப் போனை வைக்கிறவர் நீங்கள். அன்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு இருபத்தாறு வயது. எதையும் திருடியதில்லை. நூலகப் புத்தகத்தைக் கெடுவுக்கு முந்தின நாளே கொடுத்துவிடுவேன். பல்கலைக்கழகத்தில் என் ஆய்வே சொத்துரிமையைப் பற்றியது. மூன்று இரவு தூங்கவில்லை.

தனியாகப் போக பயம். நண்பன் மலாக்கியைக் கூப்பிட்டேன், அவன் அம்மாவின் கார் இருக்கிறது. கிளீனாவையும் கூப்பிட்டேன், அவளுக்குத் தைரியம் இருக்கிறது. கில்வாராவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் மூவரும் இதுவரை ஒரு கோட்டையையும் எட்டிப் பார்த்ததில்லை.

"திடீர்னு நம்ம மாதிரி ஆளுங்க கோட்டை பார்க்கப் போனாலே சந்தேகம் வரும்," என்றாள் கிளீனா. "முதல்ல வேற ஒரு கோட்டையைப் பார்த்துட்டுப் போவோம். ஊர் சுத்துறவங்க மாதிரி தெரியும்."

அதனால் காலையில் வயல் நடுவே நிற்கும் கூரையில்லாத ஒரு கோபுரத்துக்குப் போனோம். சாவி பக்கத்து வீட்டு அம்மாளிடம். அவர் டீ குடிக்கச் சொன்னார். முறைப்படி இரண்டு தடவை வேண்டாம் என்றோம். மூன்றாம் தடவை உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் போனது. கோபுரத்தைப் பார்த்தது நான்கு நிமிடம். உள்ளே ஒரு மாடு நின்றிருந்தது. நான் அதனிடம் மன்னிப்புக் கேட்டதாக மலாக்கி சொல்கிறான். எனக்கு நினைவில்லை.

கில்வாராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல். கால்சட்டைப் பையில் நீங்கள் எப்போதோ கொடுத்த சின்னக் கத்தரிக்கோல். அதன் நுனி தொடையில் குத்தியபடியே இருந்தது. கோட்டையின் முன்புறத்தை நான் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது என்கிறார்கள்.

சுவரைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. சுவரடியில் தலைமைத் தோட்டக்காரர் டெனிஹி நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். அவர் காலடியில் ஒரு வாளி. வாளி நிறைய ரோஜாக் குச்சிகள், அளவாக வெட்டி, அடியில் ஈரத்துணி சுற்றி. சுற்றுலாப் பேருந்தில் வந்த ஜெர்மன் பெரியவர்கள் முப்பது பேரும் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள்.

"வாங்க தம்பி, இந்தாங்க," என்று ஒன்றை நீட்டினார். "சுவர்தான் போகப்போகுது. செடியாவது எங்கேயாவது இருக்கட்டும்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேண்டாம் ஐயா."

"ஒண்ணே ஒண்ணு."

"பரவாயில்லை ஐயா."

"சும்மாதான் தம்பி, எடுத்துக்குங்க."

"வேண்டாம்."

அவர் முகம் வாடிவிட்டது. நம் ஊரில் மூன்றாம் தடவை யாரும் மறுப்பதில்லை, அத்தை. நான் மறுத்தேன். உங்களுக்காக.

"வாங்கித் தொலைடா," என்று மலாக்கி என் காதில் சொன்னான். "திருடினேன்னு சொல்லிக் குடு. அத்தைக்குத் தெரியவா போகுது?"

அத்தைக்குத் தெரியாது. குச்சிக்குத் தெரியுமே.

அவர் நகரட்டும் என்று தோட்டத்தைச் சுற்றினோம். அல்லிக் குளம். காய்கறிப் பாத்திகள். தலை வெட்டப்பட்ட ஒரு பளிங்குப் பெண். மீண்டும் சுவர். அவர் அங்கேயே. இன்னொரு சுற்று. குளம், பாத்தி, பெண், சுவர். ஒவ்வொரு தடவையும் அவர் குச்சியை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். நாலாவது சுற்றில் எனக்கென்றே ஒன்றைச் செய்தித்தாளில் பொதிந்து, நூல் கட்டி வைத்திருந்தார். அந்த நூல் முடிச்சைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, எங்க அத்தை திருடிட்டு வரச் சொன்னாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். மழை சொட்டும் தொப்பிக்குக் கீழே முகம் மெல்ல மலர்ந்தது.

"அடப்பாவி, இதை முதல் சுத்துலயே சொல்லக்கூடாதா? எந்த ஊரு அத்தை?"

"ராஸ்காமன்."

"ராஸ்காமன்ல யாரு?"

"டிம்ப்னா கில்ராய்."

"தபால் ஆபீஸ் பக்கத்துல தையல் கடை வெச்சிருந்தாங்களே, அவங்களா?"

"அது அவங்க அக்கா."

இப்படிப் பத்து நிமிடம். உங்கள் மாமியாரின் தம்பியை அவருக்குத் தெரியுமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் திரும்பி நிக்கிறேன். எதையும் பார்க்கல. வெட்டிக்கோ." கண்ணடித்தார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட முடியவில்லை. பொறுப்பில் இருப்பவரே கண்ணடித்த பின் எடுப்பது திருட்டா? அது வாய் திறக்காமல் கொடுத்த அனுமதி. என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

"ஐயா, நீங்க கொஞ்சம் ஆட்சேபிக்கணும்."

யோசித்தார். "கத்தணுமா?"

"கொஞ்சம்."

"மண்வாரியைத் தூக்கிக்கவா?"

"உங்க இஷ்டம்."

வெட்டினேன். அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை அத்தை, ஏன்னா அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் கத்துறதுன்னா என்னன்னே தெரியல, "திருடன் திருடன் பிடிங்க"ன்னு கோட்டை கண்ணாடியெல்லாம் அதிர்ற மாதிரி ஒரு கூச்சல், கையில மண்வாரி வேற, அதைப் பார்த்து எனக்கு நிஜமாவே பயம் வந்து ஓடறேன், கிளீனா "இடது பக்கம்டா, இடது பக்கம்"னு கத்துறா, இடது பக்கம் குளம், குளத்துக்குள்ள ஒரு கால் போயிருச்சு, குச்சியை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கேன், ஜெர்மன்காரங்க பயந்து ஆளாளுக்கு வழி விட்டதுல நேரா அவங்க பேருந்து ஓட்டுநர் மேல போய் மோதினேன், மேயோ மாவட்டத்துக்காரர், கதவு மாதிரி ஆளு, சின்ன வயசுல கால்பந்து ஆடினவராம், என்னைத் தூக்கிப் புல்லுல போட்டு மேல உட்கார்ந்துட்டாரு. யாரோ காவலரைக் கூப்பிட ஓடினாங்க. தூரமாப் போக வேண்டியதே இல்ல. சார்ஜென்ட் கோட்டை டீக்கடையிலதான் கிரீம் வெச்ச ஸ்கோன் பன்னு தின்னுக்கிட்டிருந்தாரு.

சார்ஜென்ட் ஹெஃபர்னன் மீசையில் கிரீமோடு வந்தார். ஓட்டுநரை எழுந்திருக்கச் சொன்னார். என்னையும்.

"என்னப்பா விஷயம்?"

டெனிஹிக்கு மூச்சு வாங்கியது. மண்வாரியை ஊன்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார்ஜென்ட், தப்பு என்னோடது. அந்தக் குச்சியை நான்தான் குடுத்..."

"இல்லை!"

அந்தக் குரல் யாருடையது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

"அவர் குடுக்கல. நான் திருடினேன்."

மலாக்கி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"தம்பி," என்றார் சார்ஜென்ட் பொறுமையாக, "அவர் குடுத்தார்னு சொன்னா நீ இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

"தெரியும் சார்."

"திருடினேன்னு சொன்னா நான் எழுதணும்."

"எழுதுங்க சார்."

"மழையில எழுதணும்யா."

"குடை பிடிக்கிறேன் சார்," என்று கிளீனா விரித்துப் பிடித்தாள்.

சார்ஜென்ட் குச்சியைப் பார்த்தார். என் ஈரக் காலைப் பார்த்தார். "எதுக்குத் திருடின?"

"நடுறதுக்கு."

அவர் மீசையிலிருந்த கிரீமைத் துடைத்தார்.

"எங்கம்மா பிஷப் வீட்டுத் தோட்டத்துல இருந்து நாலு குச்சி கொண்டுவந்தாங்க," என்றார் சார்ஜென்ட், தனக்குத்தானே. "ஜெபப் புத்தகத்துக்குள்ள வெச்சு. நாலும் பிடிச்சுக்கிச்சு."

பிறகு எழுதினார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மை கொஞ்சம் கரைந்திருக்கிறது, ஆனாலும் படிக்கலாம்: வெள்ளை ரோஜாக் குச்சி ஒன்று, நீளம் ஒரு சாண், உரியவர் அனுமதியின்றி எடுக்கப்பட்டது, எடுத்தவர் எச்சரித்து விடப்பட்டார். கீழே கையெழுத்து. இப்படி எழுத்து மூலம் உறுதி செய்யப்பட்ட குச்சி உங்கள் தெருவில் வேறு யாரிடமும் இருக்காது. பக்கத்து வீட்டு பிலமீனா அம்மாளிடம் தாராளமாகக் காட்டலாம். என் பெயரை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

டெனிஹி அந்தத் தாளை வாங்கி 'அனுமதியின்றி' வரைக்கும் படித்தார். வாசல் வரை எங்களோடு நடந்து வந்தார்.

"இந்த மாசம் இருநூறு குச்சி குடுத்திருப்பேன் தம்பி. ஒண்ணும் பிடிக்காது. எனக்குத் தெரியாதா? குடுத்த குச்சி எப்பப் பிடிச்சிருக்கு?" சுவரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன செய்யிறது. திருட யாருமே வரல."

காரில் ஏறினோம். நான் குச்சியை ஈரக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு மாதிரி: இது வேர் பிடிக்க வேண்டுமே என்று.

வடக்குச் சுவரோரம் நட்டுவிடுங்கள். துளிர்த்தால் ஒரு வரி எழுதுங்கள். துளிர்க்காவிட்டால் அதையும் எழுதுங்கள், ஆனால் மெதுவாக. கோயிலில் என் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். பாதிரியார் காரணம் கேட்டால், பரீட்சை என்று சொல்லுங்கள். எல்லாப் புனிதர்களும் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும். மீதி நேரமிருந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்,
லோர்கன்

பி.கு. பொட்டலத்தை ஒட்டி முடித்த பிறகு கிளீனா கேட்கிறாள்: "நன்றி எதுவும் சொல்லலையே? சொன்னா குச்சி செத்துரும், எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்." எனக்கு யாரும் சொல்லவில்லையே, அத்தை. நான் சொன்னேன். டெனிஹிக்கு வாசலில் மூன்று தடவை. சார்ஜென்ட்டுக்கு ஒரு தடவை. என் மேல் உட்கார்ந்தவருக்கும் சொன்னேன். பேருந்தை விட்டு இறங்கும்போதெல்லாம் ஓட்டுநருக்கு நன்றி சொல்லியே பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. ஆகவே இந்தக் குச்சியை நட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம், இந்த முறை வாயே திறக்கப்போவதில்லை. போன தடவை மாதிரி குழப்பம் ஆகக்கூடாது என்று டெனிஹிக்கும் சார்ஜென்ட்டுக்கும் இப்போதே போன் செய்து, திருட வரலாமா என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேருமே தாராளமாக வரச் சொன்னார்கள். நன்றி சொல்லி வைத்தேன்.